கர்ப்பகாலச் சத்து மாத்திரைகள்: எது சிக்கலைத் தடுக்கும், எது தடுக்காது?

கர்ப்பம் உறுதியானதும் பலர் முதலில் வாங்குவது சத்து மாத்திரை. மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒன்று. அக்கா சொன்னது ஒன்று. முஸ்தஃபா நிலையத்தில் "இரண்டு வாங்கினால் மலிவு" என்று எடுத்தது ஒன்று. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய லேகியம் ஒன்று. மூன்றாவது மாதத்திற்குள் சமையலறை மேடையில் ஐந்தாறு போத்தல்கள் வரிசையாக நிற்கும்.

அதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கும். சர்க்கரை வந்துவிடுமோ? ரத்தக் கொதிப்பு ஏறிவிடுமோ? குழந்தை மாதம் முடியுமுன் பிறந்துவிடுமோ? மாத்திரை போட்டால் இவற்றைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை போத்தல்களும் வீட்டுக்கு வருகின்றன.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: சில மாத்திரைகள் சில சிக்கல்களை, சிலருக்கு, சரியான நேரத்தில் தொடங்கினால் தடுக்கின்றன. ஆனால் "எல்லாவற்றையும் தடுக்கும்" மாத்திரை இல்லை. சிங்கப்பூரிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

ஃபோலிக் அமிலத்திலிருந்து. சத்து மாத்திரை ஒரு பெரிய சிக்கலைத் தடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

முன்பு ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டு அல்லது மூளை சரியாக உருவாகாமல் போன தாய்மாரை வைத்து 7 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். முடிவு 1991ஆம் ஆண்டு வெளியானது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்திற்கு முன்பே நிறுத்தினார்கள். பலனளிக்கும் மாத்திரையைச் சிலருக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை அல்லவா?

ஆனால் இந்த வெற்றியில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. எந்தச் சிக்கல் என்று தெரியும். யாருக்கு ஆபத்து என்று தெரியும். எப்போது தொடங்க வேண்டும் என்றும் தெரியும்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது. கருத்தரித்த சுமார் 28 நாளுக்குள் குழந்தையின் நரம்புக் குழாய் மூடிவிடும். அதுதான் பின்னர் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளரும். "மாதவிடாய் தள்ளிப்போகிறதே, பரிசோதித்துப் பார்க்கலாமா" என்று நீங்கள் யோசிக்கும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். முதல் ஸ்கேனுக்குப் பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்கினால் இந்த ஒரு பலனைப் பொறுத்தவரை தாமதம்தான். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் என்ன சோதித்தார்கள்?

இங்கே கர்ப்பிணிகளை அதிகம் கவலைப்பட வைப்பது கர்ப்பகால நீரிழிவு. நம் பெரியவர்கள் பேச்சில் "இனிப்புநீர்". சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு அது வருவதாகக் கூறப்படுகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆபத்து கூடுதல்.

2013இல் இத்தாலியிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. மையோ-இனோசிட்டால் என்பது பழங்களிலும் பயறு வகைகளிலும் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள். நம் உடலும் அதைத் தயாரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்ய அது உதவுகிறது. குடும்பத்தில் நீரிழிவு உள்ள 220 கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்தார்கள். அதை எடுத்தவர்களில் 6 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. எடுக்காதவர்களில் அது சுமார் 15 விழுக்காடு. பாதிக்கும் குறைவு! மையோ-இனோசிட்டால் பொடிகள் கடைகளிலும் இணையத்திலும் பரவ இதுபோன்ற ஆய்வுகள் ஒரு காரணம்.

இன்னும் பெரிய அளவில் சோதித்தால் என்ன ஆகும்? அதைத்தான் 'நிப்பர்' ஆய்வு பார்த்தது. சிங்கப்பூர், பிரிட்டனின் சவுத்ஹேம்டன், நியூசிலந்தின் ஆக்லந்து ஆகிய மூன்று இடங்களில் அது நடந்தது. மூன்று நாடுகளின் ஆய்வு நிதியோடு நெஸ்லே நிறுவனத்தின் நிதியும் அதில் இருந்தது.

குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்த 1,729 பெண்கள் சேர்ந்தனர். நாளுக்கு இருமுறை தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி. அனைவருடைய பொடியிலும் ஃபோலிக் அமிலம், இரும்பு, கால்சியம், அயோடின் போன்றவை இருந்தன. ஒரு பாதியினருக்கு மட்டும் கூடுதலாக மையோ-இனோசிட்டால், வைட்டமின் டி, வைட்டமின் பி வகைகள், துத்தநாகம், நன்மை தரும் நுண்ணுயிரிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. யாருக்கு எந்தப் பொடி என்பது பெண்களுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி, பிரசவம்வரை குடித்தார்கள்.

அவர்களில் 585 பேரின் பிரசவத்தை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 28ஆவது வாரத்தில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. குழந்தையின் எடையிலும் வேறுபாடு இல்லை. அதாவது எதற்காக ஆய்வைத் தொடங்கினார்களோ அது நடக்கவில்லை.

ஆனால் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. கூடுதல் சத்துகள் எடுத்த குழுவில் குறைப்பிரசவம் 5.8 விழுக்காடு. மற்றக் குழுவில் 9.2 விழுக்காடு. பிரசவத்துக்குப் பிந்திய கடுமையான ரத்தப்போக்கும் குறைவாக இருந்ததாகப் பின்னர் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கூறியது.

"அப்போ அந்தப் பொடி நல்லதுதானே?"

அவசரப்பட வேண்டாம். இங்கேதான் ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் ஆய்வு ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்காக அமைக்கப்படுகிறது. நிப்பரின் கேள்வி சர்க்கரையைப் பற்றியது. அதற்குப் பதில் "இல்லை". குறைப்பிரசவம் கூடவே கவனித்த பல விஷயங்களில் ஒன்று. பத்து விஷயங்களைக் கவனித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவும் மாறுபடலாம். எனவே அது நம்பிக்கை தரும் குறிப்பு. இன்னோர் ஆய்வு அதையே முதல் கேள்வியாக வைத்துச் சோதித்த பிறகே அதை உறுதி என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, அந்தப் பொடியில் பல சத்துகள் கலந்திருந்தன. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மையோ-இனோசிட்டாலை மட்டும் வாங்கிக் குடித்தால் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு அதில் சான்று இல்லை.

2025இல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு இதை மேலும் தெளிவாக்கியது. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 464 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றனர். அவர்களுக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம். மையோ-இனோசிட்டால் எடுத்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவோ, ரத்த அழுத்தச் சிக்கலோ, குறைப்பிரசவமோ ஏற்பட்டது. எடுக்காதவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

சிறிய ஆய்வில் பெரிதாகத் தெரிந்த பலன் பெரிய ஆய்வில் கரைந்துபோவது மருத்துவ உலகில் அடிக்கடி நடப்பது. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரத்தில் பார்த்தால், எத்தனை பேர், எந்தச் சிக்கல் என்று கேளுங்கள்.

கூடுதலாக எடுத்தால் கூடுதல் பலனா?

இல்லை. சில வேளைகளில் பாதகம்கூட உண்டு.

வைட்டமின் சி, வைட்டமின் இ: பிரி-எக்லாம்ப்சியா என்பது கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், நஞ்சுக்கொடி ஆகியவற்றைப் பாதிக்கும் நிலை. தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகலாம். இந்த இரண்டு வைட்டமின்களும் அதைத் தடுக்கும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். ஆபத்து அதிகமுள்ள 2,400 பெண்களிடம் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. பிரி-எக்லாம்ப்சியா குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள் பிறந்ததோ மாத்திரை எடுத்த குழுவில்தான் அதிகம்: 28 விழுக்காடு. மற்றக் குழுவில் 24 விழுக்காடு.

அதிக ஃபோலிக் அமிலம்: முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் நாளுக்கு 4 மில்லிகிராம் எடுத்தால் பிரி-எக்லாம்ப்சியா குறையுமா என்று ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவு: குறையவில்லை. ஒரு சிக்கலை அற்புதமாகத் தடுக்கும் அதே மாத்திரை இன்னொரு சிக்கலைத் தொடவே இல்லை.

கால்சியம்: இது கொஞ்சம் வித்தியாசமான கதை. உணவில் கால்சியம் குறைவாக உள்ள மக்களிடம் கால்சியம் மாத்திரை பிரி-எக்லாம்ப்சியாவைக் குறைக்கிறது. அதற்காக நாளுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம்வரை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. அவ்வளவு தேவையா என்று இந்தியாவின் பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2024இல் வெளியானது. 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் 1,500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் பிரி-எக்லாம்ப்சியா வந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றே. பெங்களூரில் அது முறையே 3.0, 3.6 விழுக்காடு. மூன்று மாத்திரை செய்த வேலையை ஒன்றே செய்துவிட்டது.

வைட்டமின் ஏ: இதில் கவனம் தேவை. ரெட்டினால் வகை வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் கருவின் வளர்ச்சியில் குறைபாடு ஏற்படலாம். அதனால்தான் கர்ப்பகாலத்தில் ஈரலை அதிகம் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

சரி, எதை எடுக்கலாம்?

ஃபோலிக் அமிலம்: நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம். கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி முதல் 12 வாரம்வரை கட்டாயம். 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம். 5 மில்லிகிராம் மாத்திரைகளும் உண்டு. அது பத்து மடங்குக்கும் மேல். முன்பு நரம்புக் குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுப்பார்.

இரும்புச்சத்து: ரத்தசோகை இருந்தால் அவசியம். தமிழ்நாட்டிலும் இந்தியா முழுவதும் கர்ப்பிணிகளுக்கு 180 நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தருவதை நீங்கள் அறிந்திருக்கலாம். ஆனால் இங்கே ஒரு விஷயம் உண்டு. தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும். அவர்களுக்குக் குறை இரும்பில் இல்லாமலும் இருக்கலாம். எனவே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவை எடுங்கள். மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்க வேண்டாம். அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். கால்சியம் மாத்திரையையும் இரும்பையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆரஞ்சு, கொய்யா போன்றவற்றோடு எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

வைட்டமின் டி: வெயில் கொளுத்தும் ஊரில் இது குறையுமா என்று தோன்றும். குறையும். 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு 1,200க்கும் அதிகமான தாய்மாரைக் கர்ப்பகாலத்திலிருந்தே கவனித்து வருகிறது. சீனத் தாய்மாரைவிட மலாய், இந்தியத் தாய்மாரிடம் வைட்டமின் டி குறைபாடு அதிகம் என்று அது காட்டியது. கறுத்த தோலில் வைட்டமின் டி உருவாக அதிக வெயில் தேவை. நாமோ குளிர்சாதன அறையிலிருந்து எம்ஆர்டிக்கும், எம்ஆர்டியிலிருந்து வீட்டுக்கும் போகிறோம்.

வைட்டமின் பி12: சைவ உணவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்கறி, பருப்பில் இது கிடையாது. பால், தயிரில் ஓரளவு இருக்கிறது. பி12 குறைந்த கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால நீரிழிவு அதிகம் காணப்பட்டதாக மைசூரில் நடந்த ஓர் ஆய்வு கூறியது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் அதன் பொருள். பி12 எடுத்தால் நீரிழிவு வராது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் குறைபாட்டைச் சரிசெய்வது தாயின் ரத்தத்துக்கும் குழந்தையின் நரம்பு வளர்ச்சிக்கும் அவசியம்.

கால்சியம்: பால், தயிர், கேழ்வரகு, தோஃபு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்றவை உங்கள் சாப்பாட்டில் தினமும் உண்டா? இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

மீன் எண்ணெய்: குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு என்று வாங்குவோர் அதிகம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது குறைப்பிரசவம் சற்றுக் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 5,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2019இல் வெளியான ஆய்வில் மிக முன்கூட்டிய பிரசவம் குறையவில்லை. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடுபவருக்கு அவசியமா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

நிப்பர் ஆய்வில் சேர்ந்த பெண்களின் ரத்தத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே சோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏதாவது ஒரு வைட்டமின் போதாமல் இருந்தது. அவர்கள் வசதியான மூன்று நாடுகளில் வாழ்பவர்கள். ஆகவே "நான் நன்றாகத்தானே சாப்பிடுகிறேன், எதுவுமே வேண்டாம்" என்பதும் சரியல்ல. குறைபாட்டை நிரப்புவதற்குச் சத்து மாத்திரை நல்ல கருவி. குறையே இல்லாத இடத்தில் மேலும் மேலும் ஊற்றினால் சிக்கல் தடுக்கப்படும் என்பதற்குத்தான் சான்று இல்லை.

மாத்திரை தடுக்காததை எது தடுக்கும்?

கர்ப்பகாலத்தில் இதுவே முக்கியமான கேள்வி. "நான்தான் சத்துப் பொடி குடிக்கிறேனே" என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

11 முதல் 14 வாரம்: பிரி-எக்லாம்ப்சியா ஆபத்து உங்களுக்கு எவ்வளவு என்று ரத்த அழுத்தம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை வைத்துக் கணிக்கலாம். ஆபத்து அதிகம் என்றால் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார். 2017இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்கள் தினமும் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தனர். 37 வாரத்திற்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய கடுமையான பிரி-எக்லாம்ப்சியா அவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கே வந்தது. எடுக்காதவர்களில் அது 4.3 விழுக்காடு. சத்துப் பொடிகள் செய்ய முடியாததை மலிவான ஒரு பழைய மருந்து செய்தது. ஆனால் 16 வாரத்திற்கு முன் தொடங்க வேண்டும். அது மருந்து, சத்து மாத்திரை அல்ல. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

24 முதல் 28 வாரம்: குளுக்கோஸ் பரிசோதனை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, இனிப்பு நீரைக் குடிக்கவைத்து, பிறகு மறுபடியும் எடுப்பார்கள். குமட்டும், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் கர்ப்பகால நீரிழிவுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கண்டுபிடித்துவிட்டால் சோறு, இனிப்பு அளவு, சாப்பிட்ட பின் சிறு நடை, தேவைப்பட்டால் மருந்து என்று கட்டுக்குள் வைக்கலாம். குழந்தை பிறந்த சில வாரத்தில் மீண்டும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம்.

எந்த நேரத்திலும்: விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

"நாட்டு மருந்துதானே, என்ன ஆகிவிடும்?"

இஞ்சி, சீரகம், பூண்டு என்று சமையலில் சேர்ப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. பஸ்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த தயாரிப்புகளும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மாத்திரைகளும் வேறு.

2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரியவந்தது. விசாரித்தபோது, அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை எடுத்துக்கொண்டது தெரிந்தது. அதற்கு முன், 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எல்லா நாட்டு மருந்தும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் போத்தலைப் பார்த்து எது அப்படி என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதுதான் பிரச்சினை.

குங்குமப்பூவைப் பற்றியும் கேட்பீர்கள். ஐந்தாம் மாதம் வந்ததும் தேக்காவில் ஒரு சிறிய டப்பா வாங்கிவரும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாலில் ஓரிரு இழை போட்டுக் குடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தையின் நிறம் அதனால் மாறாது. நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு. அதிக அளவில் எடுத்தால் கருப்பை சுருங்கத் தூண்டலாம் என்பதால் அளவு முக்கியம். அந்தப் பாலில் உங்களுக்கு உண்மையில் பயன் தருவது பாலிலுள்ள கால்சியம்தான்!

கடையில் விற்றால் அரசாங்கம் அனுமதித்தது என்று அர்த்தமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஆராய்ந்து பதிவுசெய்த பிறகே விற்க முடியும். சத்து மாத்திரைகளுக்கு அந்த முன் ஒப்புதல் தேவையில்லை. அவை பாதுகாப்பாகவும் தரமாகவும் இருப்பதை உறுதிசெய்வது இறக்குமதி செய்பவர், விற்பவரின் பொறுப்பு. நச்சு உலோகங்களுக்கு வரம்பு உண்டு. ஒரு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. பிரச்சினை தெரிந்தால் ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டு விற்பனையை நிறுத்தும்.

ஆகவே ஒரு போத்தலில் "கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கும்" என்று எழுதியிருந்தால் அது வாங்கத் தூண்டும் காரணமாக இருக்கக்கூடாது. வைத்துவிட்டு நகர வேண்டிய காரணம் அது. ஊரிலிருந்து பெட்டியில் வருபவை, இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவை ஆகியவற்றை இங்கே யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்தச் சிக்கலுக்காக இது? "பொதுவாக நல்லது" என்பது பதில் அல்ல.

2. எனக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா? ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததா, ஊகமா?

3. எந்த வாரத்தில் தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்?

4. இதே சத்து நான் எடுக்கும் வேறு மாத்திரையில் இருக்கிறதா? கர்ப்பகாலப் பல்சத்து மாத்திரை, தனி இரும்பு மாத்திரை, கர்ப்பிணிகளுக்கான பால் மாவு மூன்றிலும் ஒரே சத்து இருக்கலாம்.

5. தைராய்டு, வலிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நான் எடுக்கும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா? எடுத்துக்காட்டாக, இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இவற்றை நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ அடுத்த முறை செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் சிட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரோ, தாதியோ, மருந்தாளரோ சில நிமிடங்களில் பிரித்துச் சொல்லிவிடுவார். "திட்டுவார்களோ" என்று எதையும் மறைக்க வேண்டாம். அதோடு, ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்து நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சிலருக்குச் சர்க்கரை வரும். சிலருக்குக் குழந்தை முன்கூட்டியே பிறக்கும். "அந்தப் பொடியை வாங்கிக் குடித்திருந்தால்..." என்று உறவினர் யாராவது சொல்லக்கூடும். சிங்கப்பூர்ப் பெண்களும் பங்கேற்ற ஆய்வில் அந்தப் பொடி சர்க்கரையைத் தடுக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அது உங்கள் தவறு அல்ல.